ஆவுடை கல்லைப் புரட்டிய கதை

எனக்கு முதலில் தீங்கு செய்தவன் என் கூடப்பிறந்த அண்ணன் சவரிராயன். அதைச் சொல்லாமல் மீன் கதையைத் தொடங்க எனக்கு மனசு வராது. பதினாலு வருஷம் கொச்சியில் ஐஸ் உடைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தேன். எங்கள் அப்பா கட்டின வீடு அது. நான் பாய் விரிக்கிற ஜன்னலோரத்தில் அண்ணியின் தையல் மெஷின் இருந்தது. பெட்டியோடு வாசலில் நின்றேன். அண்ணன் வீட்டுக்குள்ளே ஒரு சுற்றுப் பார்த்தான். "இடம் எங்கலே இருக்கு?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருக்கிறேன். நாலடிக் கண்ணாடித் தொட்டியில் கடல்தண்ணீர் ஊற்றிப் பச்சை மீன் வளர்க்கிறேன். விரல் நீளந்தான் இருக்கும், வாழைக்குருத்து நிறம், கூட்டமாகத் திரிகிற சாதி. புது மீன் விடுகிற அன்றைக்கு, தொட்டிக்குள் இருக்கிற கல்லையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்குவேன். பார்க்க வருகிறவர்கள், "நல்லாத்தான இருந்துச்சு, எதுக்குக் கலைக்கீரு?" என்று கேட்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மீனுக்கும் பேச்சு இருந்தது. மீன் சொல்வது மனிதருக்கு விளங்கும், மனிதர் சொல்வது மீனுக்கு விளங்கும். நடுவில் தண்ணீர் இருப்பதால் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும், அவ்வளவுதான்.

ஊருக்கு எதிரே இருக்கிற தீவுக்கும் கரைக்கும் நடுவே கடலுக்கடியில் ஒரு பார் இருந்தது. பவளமும் பாறையுமாக மேடு தட்டிக் கிடக்கிற இடத்தைத்தான் பார் என்பார்கள். அந்தப் பாரில் பச்சை மீன்கள் ஆயிரம் இருந்தன. களவா என்கிற பெருவாய் மீன் அந்தப் பக்கம் தலையைக் காட்டினால் போதும், ஆயிரமும் ஒரே உடம்பு போலத் திரும்பிப் பாறைச் சந்துக்குள் புகுந்துகொள்ளும். அவைகளுக்குள்ளே சண்டையே கிடையாது என்று சொல்ல மாட்டேன். கடிக்கும். கடிபட்டது பத்து முழம் தள்ளிப் போய்விடும். கடித்ததற்கும் யாரைக் கடித்தோம் என்பது மறந்துபோகும். ஆயிரம் முகத்தில் எதை ஞாபகம் வைப்பது?

அந்தப் பாரில் பாசி எடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். பேர் ஆவுடை. இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, முங்கி முங்கிப் பறிப்பாள். அவள் கால் படுகிற இடத்தில் மண் கலங்கும். கலங்கின மண்ணோடு புழுவும் பூச்சியும் மேலே எழும். பச்சை மீன்கள் அவள் காலைச் சுற்றிக் கூடிவிடும்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் மிதி."

"நான் என்ன ஒங்களுக்குச் சோறு பொங்கவா வந்தேன்? நகருங்க பிள்ளைகளா, கால் கூசுது."

சொல்லுவாளே தவிர மிதிக்காமல் போக மாட்டாள். பையும் நிறைந்து, கரைக்குத் திரும்ப வேண்டிய நேரத்திலும் இரண்டு மிதி மிதித்துவிட்டுத்தான் போவாள்.

ஒருநாள் பாறையில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துபோனது. வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். மூன்று மாதத்தில் எலும்பு கூடியது, நடை வரவில்லை. ஆவுடை கட்டிலோடு ஆனாள்.

அவள் புருஷன் மாசானம் சங்கு குளிக்கிறவன். அவர்கள் வீடு கரையிலிருந்து தள்ளி இருந்தது. அலைச்சத்தம்கூட அங்கே கேட்காது. மாசானம் கடலிலிருந்து வந்ததும், "அந்தத் துண்டத் தாங்க" என்று கடல்தண்ணீரில் நனைந்த துண்டை வாங்கி முகத்தின் மேல் போட்டுக்கொள்வாள். ஈரம் காய்கிறவரைக்கும் எடுக்க மாட்டாள். காய்ந்ததும் மடித்துக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். நாளாக நாளாகச் சோறு குறைந்தது. பேச்சு அதைவிடக் குறைந்தது.

அந்தச் சமயத்தில் உடைந்த கப்பல் ஒன்றிலிருந்து கண்ணாடித் தொட்டி ஒன்று கரை ஒதுங்கியது. ஒரு ஆள் கையை விரித்த நீளம். எதற்காகச் செய்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாசானத்துக்கு மட்டும் தெரிந்துவிட்டது. கழுவிக் கொண்டுவந்து ஆவுடையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான். குடம் குடமாகக் கடல்தண்ணீர் சுமந்து ஊற்றினான். பாரிலிருந்து மண்ணும் கல்லும் கொண்டுவந்து போட்டான். பிறகு பாருக்குப் போய், தண்ணீருக்குள் முகத்தை முக்கிக் கேட்டான்.

"ஏ பிள்ளைகளா, ஒங்க அக்கா இனிமே இங்க வர மாட்டா."

"யாரு, மண்ணு மிதிக்கிற அக்காவா?"

"அவதான். இடுப்பு போயிட்டு. கடலப் பாக்காம வாடிக் கெடக்கா. நீங்க யாராச்சும் வாரியளா?"

"எங்க வாரது அண்ணாச்சி? ஒம்ம வீட்டுக் கூரையிலயா நீந்த?" என்று கேட்டது ஒரு மீன். ஆயிரமும் சிரித்தது.

ஆனாலும் ஏழு மீன்கள் வந்தன. அதில் ஒன்று நல்ல தாட்டியானது. அதைப் பெரியவன் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். ஆயிரத்தில் ஒருநாளும் முன்னால் போக முடியாதவன், ஏழில் போகலாம் என்று வந்தான். ஏழிலும் சின்னது ஒன்று. அதன் பேர் கடுகு. "எனக்கு அக்கா கால நல்லாத் தெரியும். பெருவெரல்ல ஒரு மச்சம் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே மாசானத்தின் கலயத்துக்குள் முதல் ஆளாக ஏறியது அதுதான்.

தொட்டிக்குள் மீனை விட்டதும் ஆவுடை தலையைத் திருப்பிப் பார்த்தாள். வெயில் ஓட்டுச் சந்து வழியாகத் தண்ணீரில் விழுந்தது. ஏழு மீனும் அதில் ஒன்றாகத் திரும்பின. பச்சை மின்னி நீலமாகி மறுபடியும் பச்சையானது. அவள் நாலு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். அன்றைக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

நாலு நாள் நன்றாகத்தான் போனது. அந்தத் தொட்டியில் களவா இல்லை. அலையும் இல்லை. பயப்பட ஒன்றும் இல்லாதபோது மீனுக்கு என்ன வேலை? பக்கத்தில் இருக்கிறவனைப் பார்க்க ஆரம்பித்தன.

பெரிய கல்லுக்கடியில் ஒரு பொந்து இருந்தது. பெரியவன் அதில் போய் இருந்துகொண்டான். அடுத்தவன் நிழல் விழுகிற மூலையைப் பிடித்தான். மூன்றாமவன் மண்மேட்டைப் பிடித்தான். இப்படி ஆளுக்கொரு இடமாகப் போய், ஏழாவதாக இருந்த மீனுக்கு ஓரிடமும் இல்லை. எங்கே போனாலும் அது அடுத்தவன் இடம். எல்லாரும் கடித்தார்கள். பத்து முழம் தள்ளிப் போகத் தொட்டியில் ஏது பத்து முழம்? அது தண்ணீர் மட்டத்தில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அப்படி நின்ற மூன்றாம் நாள் செத்து மிதந்தது.

இனிமேல் கடிக்க ஆள் இல்லை, அடங்கிவிடுவார்கள் என்று மாசானம் நினைத்தான். கடைசி ஆள் போனால் அதற்கு முந்தின ஆள் கடைசியாகிவிடும் என்பதை அவன் யோசிக்கவில்லை. ஆறாவது மீனும் அதே மூலையில் நின்று செத்தது. மீதி ஐந்து. ஐந்தில் கடைசி கடுகு.

ஆவுடை கண்ணாடியைத் தட்டிப் பெரியவனைக் கூப்பிட்டாள்.

"ஏலே, எதுக்குலே கடிக்க?"

"என் எடத்துக்கு வாரான்."

"எது ஒன் எடம்?"

"இந்தப் பொந்து. பொந்து இருக்கிற கல்லு. கல்லுக்கு முன்னால இருக்கிற மண்ணு. மண்ணுக்கு மேல இருக்கிற தண்ணி."

"அப்ப தொட்டியே ஒன்னோடதுன்னு சொல்லிரு."

"நான் எதுக்குச் சொல்லணும்? எல்லாருக்குந்தான் தெரியுமே" என்றான் பெரியவன்.

மாசானம் அவனைப் பிடித்து ஒரு கலயத்தில் தனியாக விட்டான். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் இரண்டாமவன் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, பெரியவனைப் போலவே வாலை விறைத்தான். பெரியவனைத் திருப்பி விட்டார்கள். இரண்டு பேரும் மோதிக்கொள்வார்கள் என்று பார்த்தால், இரண்டு பேருமாகச் சேர்ந்து கடுகைக் கடித்தார்கள். மாசானம் நண்டுச் சதையைப் பிய்த்து வேளைக்கு மூன்று தரம் போட்டுப் பார்த்தான். வயிறு நிறைந்தவன் இன்னும் பலமாகக் கடித்தான்.

கடுகுக்கு வால் பாதி போய்விட்டது. முதுகில் செதில் உதிர்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. ஆவுடை அதை மட்டும் எடுத்து ஒரு மண்சட்டியில் விடச் சொல்லித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். தினமும் தண்ணீர் மாற்றச் சொன்னாள். பன்னிரண்டு நாளில் வால் நுனியில் கண்ணாடி மாதிரி புதுத் தோல் எடுத்தது. புண் ஆறியது. ஆனால் கடுகு தின்னவில்லை.

"ரெண்டு துண்டு தின்னுலே. அக்கா கையாலதான போடுதேன்."

"பக்கத்துல யாரும் திங்காம எனக்கு உள்ள எறங்கல அக்கா."

ஆயிரத்தோடு பிறந்த மீன் அது. தனியாக ஒருநாளும் இருந்ததில்லை. எந்நேரமும் தொட்டி இருக்கிற பக்கமாகவே சட்டியின் சுவரில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. மண்சுவர் வழியாக என்ன தெரியும்? நாளுக்கு நாள் மெலிந்தது.

பாரில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றால் சோழகம் என்கிற தென்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் காற்றில் தோணி பார்வரைக்கும் போகாது. கரையில் விட்டால் அரைவால் மீன் எத்தனை நேரம் தப்பும்? சோழகம் அடங்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"ஆறிட்டுல்லா, உள்ளயே விட்டுப் பாப்போம்" என்றான் மாசானம். விட்டார்கள்.

கடுகு சந்தோஷத்தில் வாலை அடித்துக்கொண்டு, "அண்ணே, வந்துட்டேன்!" என்று பொந்துப் பக்கம் போனது.

"யாரு நீ?" என்றான் பெரியவன்.

"நான் கடுகு அண்ணே."

"கடுகு அன்னைக்கே போயிட்டு. இங்க எடம் கெடையாது."

நாலும் ஒன்றாகப் பாய்ந்தன. ஆவுடை போட்ட சத்தத்தில் மாசானம் ஓடி வந்து கடுகை அள்ளி மறுபடியும் சட்டியில் போட்டான். புதுத் தோலில் ஒரு கிழிசல் விழுந்திருந்தது. கடுகு சட்டியின் அடியில் போய் ஒருக்களித்துக் கிடந்தது.

"இதத் தூக்கிட்டுப் போயி ஒடைச்சுப் போடுங்க" என்றாள் ஆவுடை. "எனக்குக் கடலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். சோறு போட்ட கையாலயே நான் இதுகளச் சாகக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"ஏளா, சோழகம் விடட்டும். அஞ்சு பேரையும் கொண்டுபோயி விட்டுருதேன்."

"அதுவரைக்கும் இவன் இருக்க மாட்டான்."

அவள் தொட்டியைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பினாள். அங்கே அம்மி இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இந்த அம்மி முந்தி அடுக்களையிலல்லா கெடந்துச்சு?"

"ஆமா."

"நான் இடுப்பு ஒடிஞ்சு வந்த அன்னைக்கு இங்க கொண்டாந்து போட்டிய. எதுக்கு?"

"கட்டில் போட எடம் வேணும்லா."

"கட்டில் இங்கதான் கெடக்கு. அம்மி அடுக்களையில கெடந்தா கட்டில என்ன செய்யும்? அம்மிய நகத்துனிய. வலைய அந்தச் சுவருக்கு மாத்துனிய. தண்ணிப் பானைய வாசல் பக்கம் வச்சிய. நீங்க படுக்கிற எடத்தக்கூட மாத்திக்கிட்டிய. நான் அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன்."

மாசானம் தலையைச் சொறிந்தான். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"எல்லாம் பழைய எடத்துல இருக்க, நீ மட்டும் புது எடத்துல கெடந்தா, நீ ஒருத்திதான் மாறிப்போனவன்னு ஒனக்குத் தோணும். அதான் எல்லாத்தையும் கொஞ்சம் மாத்தி வச்சேன். வீடே புதுசுன்னு ஆயிட்டா ஒனக்கும் எனக்கும் ஒண்ணுதான. ரெண்டு நாளு அடுக்களையில இருட்டுல நானும் முட்டிக்கிட்டேன்."

ஆவுடை தொட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, "என்னத் தூக்கி ஒக்கார வைங்க" என்றாள்.

"வைத்தியரு ஒக்காரக் கூடாதுன்னு..."

"ஒக்கார வைங்கன்னு சொல்லுதேன்லா."

அவன் முதுகில் கை கொடுத்துத் தூக்கினான். வலியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தொட்டியின் விளிம்பில் சாய்ந்து, வலது கையைத் தோள்வரைக்கும் தண்ணீருக்குள் விட்டாள். நாலு மீனும் சிதறி ஓடின. அவள் நேராகப் பெரிய கல்லைப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டினாள்.

"ஏ அக்கா! என் பொந்து!" என்று கத்தினான் பெரியவன்.

"பொந்து போயிட்டுலே. இப்ப வெறும் கல்லுதான் கெடக்கு. போயி வேற பாரு."

மூலையில் இருந்த கல்லை நடுவில் போட்டாள். நடுவில் இருந்ததைக் கண்ணாடியோரம் நகர்த்தினாள். மண்மேட்டைத் தட்டிச் சமமாக்கினாள். ஒரு கல்லைக்கூட இருந்த இடத்தில் இருக்க விடவில்லை. தொட்டி முழுக்கக் கலங்கிச் சேறாகிவிட்டது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாத அந்த நேரத்தில், "இப்ப ஊத்துங்க" என்றாள். மாசானம் சட்டியைத் தண்ணீர் மட்டத்தில் சாய்த்தான். கடுகு சத்தமில்லாமல் உள்ளே நழுவியது.

ஆவுடை கையை எடுக்கவில்லை. பாரில் காலால் மிதிப்பாளே, அதே தாளத்தில் விரல்களால் மண்ணை மிதித்தாள். கலங்கின மண்ணிலிருந்து புழுவும் பூச்சியும் மேலே எழுந்தன.

சேற்றுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அக்கா மிதிக்கா! அக்கா மிதிக்கா! வாங்கலே!"

அத்தனை நாளுக்குப் பிறகு கடுகு வாயைத் திறந்து ஒரு புழுவைப் பிடித்தது. அதைத் தின்னும்போது பக்கத்தில் இன்னொரு வாய் வந்து இன்னொரு புழுவைப் பிடித்தது. யார் என்று கடுகுக்குத் தெரியவில்லை. அந்த வாய்க்கும் கடுகைத் தெரியவில்லை. ஐந்தும் ஆவுடையின் கையைச் சுற்றிக் கூடிக்கொண்டன. அவளுக்கு விரல் கூசியது. அழுதுகொண்டே சிரித்தாள். கை விறைத்துப்போகிறவரைக்கும் எடுக்கவில்லை.

உச்சிப்பொழுதில் தண்ணீர் தெளிந்தது. பெரியவன் பொந்து இருந்த இடத்துக்குப் போய் வெறும் தண்ணீரில் முட்டிப் பார்த்தான். திரும்பி வந்தான். மறுபடியும் போய் முட்டிப் பார்த்தான். "இங்கதான இருந்துச்சு" என்று முணுமுணுத்தான். பக்கத்தில் கடுகு நின்றது. கடிக்க வேண்டும் என்றால் "என் இடம்" என்று சொல்லிவிட்டுத்தான் கடிக்க வேண்டும். அவனுக்கு இடம் இல்லை. யாருக்குமே இல்லை. ஐந்து பேரும் அன்றைக்கு வந்தவர்கள்.

"நீ யாரு?" என்று கேட்டான்.

"கடுகு அண்ணே."

"ஓ" என்றான் பெரியவன். "இங்க ஒரு பொந்து இருந்துச்சு, நீ பாத்தியா?"

"இல்லண்ணே. தேடுவமா?"

இரண்டும் சேர்ந்து தேடப் போயின. புதுக் கல்லடுக்கில் ஆளுக்கொரு சந்து கிடைத்தது. கடுகுக்குக் கிடைத்தது மிகச் சின்னது. அரைவால் மீனுக்கு அது போதும்.

சோழகம் அடங்கியதும் மாசானம் கலயத்தோடு வந்து, "கடலுக்குப் போறியளா?" என்று கேட்டான். ஐந்தும் ஒன்றை ஒன்று பார்த்தன. "அக்கா மிதிக்காளா, மாட்டாளா?" என்று கேட்டது கடுகு. "மிதிப்பேன்" என்றாள் ஆவுடை. "அப்ப இருக்கோம். ஆனா எங்க கூட்டத்துல இன்னுங் கொஞ்சம் பேரக் கூட்டிட்டு வாரும் அண்ணாச்சி. ஒருத்தர் ரெண்டு பேரா வேண்டாம், மொத்தமா வரட்டும். அப்பத்தான் யாரு யாரக் கடிச்சான்னு கணக்கு நிக்காது" என்றது.

மாசானம் போய்ப் பத்துப் பேரை ஒன்றாகக் கூட்டி வந்தான். அவர்களை விடுவதற்கு முன்னால் ஆவுடை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கையை விட்டு எல்லாக் கல்லையும் கலைத்து வைத்தாள். அதற்காக எழுந்து உட்கார்ந்தவள் பிறகு பகலில் படுக்கவே இல்லை. பெரியவன் ஒவ்வொரு தடவையும் சத்தம் போட்டான். ஒவ்வொரு தடவையும் பழைய இடத்தில் போய் முட்டிப் பார்த்தான். இன்றைக்கும் என் தொட்டியில் கல்லை மாற்றினால் தாட்டியான மீன் அப்படித்தான் செய்கிறது. மீனுக்குப் பேச்சு போய்விட்டது, அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

அன்று முதல்தான், கடல்மீன் வளர்க்கிற வீடுகளில் புது மீன் வருகிற நாளில், பழைய மீன்களின் கல்லையெல்லாம் முதலில் இடம் மாற்றி வைக்கிறார்கள். வருகிறவன் ஒருவன் மட்டும் புதியவனாக நிற்கக் கூடாது என்பதற்காக.

மீனுக்கே அப்படிச் செய்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டு வழியாக நடந்து வந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. தையல் மெஷின் அதே இடத்தில்தான் இருக்கிறது. அண்ணிக்குக் கண் மங்கி, தைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று கேள்வி. சவரிராயன் உள்ளேதான் இருந்தான். இருமல் கேட்டது. நான் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு பாய் அகலத்துக்கு அந்த மெஷினை அவன் நகர்த்த வேண்டும். அது எனக்கு வர வேண்டியது. இன்னும் நகர்த்தவில்லை.